ஐந்தாவது கைவாகு

ஓடுதளத்தின் தெற்கு முனையில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன. தவமணி ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு கேஸ் துப்பாக்கியின் விசையை இழுத்தான். இடி விழுந்த மாதிரிச் சத்தம். கொக்குகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒன்று மட்டும் நாலடி தள்ளிப் போய் நின்றது. மற்றவை பூச்சி பொறுக்கத் திரும்பிவிட்டன. துப்பாக்கி வந்த புதிதில் இந்தச் சத்தத்துக்கு ஊரை விட்டே ஓடிய கொக்குகள்தாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, அவற்றுக்கும் அவனுக்கும்.

ஸ்குவாட்ரன் லீடர் பெஞ்சமின் தவமணி பதினெட்டு வருடம் கடற்கண்காணிப்பு விமானம் ஓட்டியவன். இரண்டு வருடமாகப் பறவை விரட்டுகிறான். இயந்திரத்துக்குள் பருந்தோ கொக்கோ புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியமான வேலைதான். ஆனால் அதற்கு ஒரு விமானி தேவையில்லை என்பது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிடும்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மாலை ரோந்தில், சூரியன் கடலுக்குள் போனபின், வலது பக்கம் ஒரு வெளிச்சம் வந்தது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் மிளகளவு இருக்கும். விமானத்தின் வேகத்துக்கே கூட வந்தது. ரேடியோ செத்துப்போன வேறு விமானமாக இருக்கும், வழி கேட்கிறது என்று தவமணி நினைத்தான். அந்த மாதிரி நேரத்தில் எந்த விமானியும் செய்வதைத்தான் செய்தான். தரையிறங்கும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். அந்த விமானத்தின் சுவிட்ச் கொஞ்சம் ஒட்டும். முதல் இரண்டு தடவை சட்டென்று அணைந்தது. மூன்றாவது தடவை சுவிட்ச் மாட்டிக்கொண்டு விளக்கு நீளமாக எரிந்தது. குறில், குறில், நெடில். வெளிச்சம் அதையே திருப்பி அடித்தது. குறில், குறில், நெடில். பிறகு அணைந்துபோனது.

ரேடாரில் எதுவும் இல்லை. கேமராவிலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி, "நான் பாக்கல சார்," என்றான். சொல்லும்போது அவன் தவமணியைப் பார்க்கவில்லை. விதி என்னவோ அப்படியே தவமணி அறிக்கை கொடுத்தான். பெங்களூருக்கு அனுப்பினார்கள். கண்ணைப் பார்த்தார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள். தூக்கம் எப்படி, அப்பாவுடன் உறவு எப்படி என்று கேட்டார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பவன் இல்லாததைப் பார்த்தால் அதுதான் பெரிய ஆபத்து என்று தளபதி குரூப் கேப்டன் திருவேங்கடம் பரிந்துரை எழுதினார். இதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று உத்தரவும் வந்தது.

அவனுக்குப் பிறகு இரண்டு பேர் அதே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி பறக்கும் வேலையிலிருந்து இறக்கப்பட்டார்கள். ஒருவர் பஞ்சாபி, டெல்லியில் மேசை வேலைக்குப் போனார். இன்னொருவர் ராஜினாமா செய்துவிட்டுக் கொச்சியில் அடுக்குமாடி வீடு விற்கிறார் என்று கேள்வி. நாலாவதாக வந்தவள் பிளைட் லெப்டினன்ட் நிலோஃபர். காயல்பட்டினத்துக்காரி. அவளை டெல்லிக்கோ வேறெங்கோ அனுப்பாமல், மருத்துவ போர்டு கூடும்வரை இருக்கட்டும் என்று பறவைப் பிரிவுக்கே அனுப்பிவிட்டார்கள்.

முதல் நாள் அவள் சல்யூட் அடித்துவிட்டுக் கேட்டாள்: "என்ன வேலை சார் இங்க?"

"காலையில கொக்கு. மத்தியானம் பருந்து. சாயங்காலம் மறுபடியும் கொக்கு."

"விரட்டினா போயிடுமா?"

"போகாது. நாம விரட்டுறோம்னு எழுதிக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பல வாரம் இருவரும் ஒரே ஜீப்பில் சுற்றினார்கள். வெயில், மழை, தளத்துக்குள் புகுந்த நாய் என்று எதைப் பற்றியும் பேசினார்கள், அதைத் தவிர. உத்தரவு ஒருபக்கம் இருக்கட்டும். பேசினால் மற்றவர் தன்னைப் பைத்தியம் என்று உறுதி செய்துவிடுவாரோ என்ற பயம் இருவருக்குமே இருந்தது.

ஒரு நாள் பொழுது மங்கும் நேரம். கேஸ் தீர்ந்துவிட்டது. கொக்குகள் ஓடுதளத்தின் ஓரத்திலேயே நின்றன. நிலோஃபர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஜீப்பின் முன்விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். யோசனை எங்கேயோ இருக்க, கை தானாக அடித்தது. குறில், குறில், நெடில். கொஞ்சம் விட்டு மறுபடியும் குறில், குறில், நெடில்.

தவமணி சட்டென்று அவள் பக்கம் திரும்பினான்.

"அது என்னம்மா?"

"எது சார்?"

"இப்ப அடிச்சியே."

நிலோஃபர் கையை எடுத்துக்கொண்டாள். முகம் மூடிக்கொண்டது. "சும்மா சார்."

"சும்மா இல்ல. எங்க பாத்த இதை?"

தவமணி சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.

"நான் முதல்ல சொல்றேன். அது என்னோடது. நான் அடிச்சது. சுவிட்ச் ஒட்டிக்கிச்சு, அதனாலதான் மூணாவது நீளமாப் போச்சு. வேற யாருக்கும் அப்படி வராது."

நிலோஃபர் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அது வந்ததும் முதல்ல இதைத்தான் சார் அடிச்சது. மூணு தடவை. ஏதோ சங்கேதம்னு நினைச்சேன். பதிலுக்கு நான் ஒரே சீரா மூணு அடிச்சேன், டக் டக் டக்குனு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துச்சு. மறுபடி இதையே அடிச்சது. கதவைத் தட்டி ஒரு பேரைச் சொல்லிக் கேட்டா, நாம 'இல்லீங்க, இங்க அப்படி யாரும் இல்ல'ன்னு சொன்ன பிறகும் அதே பேரைத் திரும்பக் கேப்பாங்கள்ல, அந்த மாதிரி இருந்துச்சு. நான் பதில் அடிச்சதைத் துணை விமானி பாத்துட்டான். அவன்தான் எழுதிக் குடுத்தான். நான் எழுதல."

"அது நாம அடிக்கிறதை அப்படியே திருப்பி அடிக்குது, அவ்வளவுதான்னு நான் நினைச்சிட்டிருந்தேன்."

"திருப்பி அடிக்கிறதுன்னா என் முன்னாடி உங்களோடது எப்படி சார் வரும்?" அவள் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "எங்க காக்கா, அதான் எங்க அண்ணன், பேங்க்ல கள்ளக் கணக்குப் பிடிக்கிற பிரிவுல இருக்காங்க. போன்ல நாம எழுத்தைத் தட்டுறோம்ல, எந்த எழுத்துக்கும் எந்த எழுத்துக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, எதை அழுத்திப் பிடிக்கிறோம்னு வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுமாம் மெஷின். கடவுச்சொல் சரியா இருந்தாலும் கைவாகு வேறன்னா உள்ள விடாதாம். ஆளுக்கு ஒரு கைவாகு சார். அதுக்கு நம்ம முகம் தெரியாது, விமானத்தோட நம்பர் தெரியாது. கைவாகுதான் தெரியும்."

"அப்போ அது..."

"உங்களைத்தான் தேடுது சார். ரெண்டு வருஷமா. அது வந்து கேக்குற ஒவ்வொரு ஆளையும் நாம தரையில இறக்கிட்டே இருக்கோம்."

தவமணி ஜீப்பை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தான். எங்கேயும் போவதற்கில்லை, ஓடுதளம் மட்டும் நீண்டு கிடந்தது. தன் பிழைப்பு போனதை அவன் எப்படியோ ஏற்றுக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரின் பிழைப்பும் தன்னால்தான் போயிற்று என்பதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது நிலோஃபர், "அடுத்த வாரம் போர்டு சார்," என்றாள். "தளபதி பரிந்துரைதான் முடிவாம். வாப்பா போன்ல அழுறாங்க. 'போனது போகட்டும், ஊருக்கு வந்துடு'ங்கிறாங்க. நான் பறக்கப் போறேன்னு சொன்னப்ப அவங்க என்கூட ஒரு வருஷம் பேசல. இப்ப அவங்க அழுறதுதான் தாங்க முடியல."

வீட்டில் மனைவி குளோரி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கேந்திரிய வித்யாலயாவில் கணக்கு டீச்சர். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"போய்ப் பாக்கணும்."

"பறக்கத்தான் விடமாட்டாங்களே."

"வள்ளத்துல போகலாம். அது வர்ற இடம் எனக்குத் தெரியும். கரையிலேருந்து ரொம்பத் தூரம் இல்ல."

"போய்?"

"தெரியல குளோரி. கேட்டுக்கிட்டே இருக்கு. பதில் சொன்னா நிறுத்துமோ என்னவோ. நிறுத்தினா அந்தப் பொண்ணாவது தப்பிக்கும், பின்னால வர்றவங்களாவது தப்பிப்பாங்க."

அவள் தாள்களை அடுக்கினாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டாள். "நானும் வாரேன்," என்றாள்.

"உனக்குக் கடல் ஆகாதே."

"ஆகாதுதான். நீங்க தனியாப் போய்ட்டு வந்து மறுபடியும் 'பாத்தேன்'னு சொன்னா, எனக்கு அது அதைவிட ஆகாது."

வள்ளக்காரர் சூசைராயன் பக்கத்துக் குப்பத்துக்காரர். மீன் பிடிக்கவா என்று கேட்டார். இல்லை, சும்மா என்றான் தவமணி. புருஷனும் பெண்டாட்டியும் சும்மா கடலுக்குள் போவதைப் பற்றி அவருக்கு என்ன தோன்றியதோ, மேற்கொண்டு கேட்கவில்லை. நாலு மணிக்குக் கிளம்பினார்கள். கரையின் தென்னைகள் கோடாகித் தேய்வதற்குள் குளோரி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். தவமணி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவள் கையை விலக்கிவிட்டு, "நீங்க வானத்தைப் பாருங்க," என்றாள்.

சூரியன் இறங்கியது. மேற்கே சிவப்பு வடிந்து சாம்பல் ஆயிற்று. தவமணி பெரிய டார்ச்சை எடுத்தான். குறில், குறில், நெடில். ஒன்றும் இல்லை. மறுபடியும் அடித்தான். கை வலித்தபோது டார்ச்சை இடது கைக்கு மாற்றப் போனான். கைவாகு மாறிவிடும் என்று நினைவு வந்து வலது கைக்கே திரும்பினான். இல்லாத சுவிட்ச் ஒட்டுவதை மனசில் வைத்துக்கொண்டு மூன்றாவதை நீட்டினான். வள்ளம் ஆடியது. சூசைராயன் ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

"போதுங்க," என்றாள் குளோரி. "இருட்டிடுச்சு. திரும்பிடுவோம்."

அப்போதுதான் அது வந்தது.

எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை. முன்பு இல்லாத இடத்தில் இருந்தது. ஒரு தென்னை உயரத்துக்கு மேலே, ஆடாமல், சத்தமில்லாமல். விமானத்திலிருந்து பார்த்தபோது மிளகளவு. இப்போது ஒரு தாம்பாளம் அளவு. ஆனால் கண் கூசவில்லை. கடலில் அதன் பிம்பம் விழவில்லை. சூசைராயன் பீடியைத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

குறில், குறில், நெடில்.

தவமணி திருப்பி அடித்தான். அது மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை வேகமாக. பல நாள் தேடிய ஆளைச் சந்தையில் கண்டவர்கள் பேரை இரண்டு தடவை சொல்வார்களே, அப்படி. இரண்டு வருடத்தில் அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

பிறகு அது வேறொன்று செய்தது. கொஞ்சம் நின்று, வரிசையாக அடிக்கத் தொடங்கியது. முதலில் இரண்டு நெடில், ஒரு குறில், அதன்பின் தொடங்கிப் பாதியில் வெட்டுப்பட்டதுபோல் ஒன்று. இடைவெளி. அடுத்து அவனுடையது. இடைவெளி. அதன்பின் அவனுக்குத் தெரியாத இரண்டு; ஒன்று தாளம் போடுவது மாதிரித் துள்ளலாக, மற்றது நிதானமாக. கடைசியில் ஒரே சீராக மூன்று, டக் டக் டக். அது நிலோஃபர். பிறகு நின்றுவிட்டது. காத்திருந்தது. பதில் இல்லாததால் மறுபடியும் அதே வரிசையில் அடித்தது.

குளோரி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க கேக்குது?"

"ஆளைக் கேக்குது."

"உங்களத்தான் பாத்துடுச்சே."

"எல்லாரையும் கேக்குது. எங்க போனாங்கன்னு கேக்குது."

என்ன சொல்வது? ஒருத்தர் டெல்லியில் மேசைக்குப் பின்னால் இருக்கிறார், ஒருத்தர் வீடு விற்கிறார், ஒருத்தி கொக்கு விரட்டுகிறாள் என்று எந்த விளக்கை வைத்துச் சொல்வது? அவர்களை நாங்களேதான் இறக்கினோம் என்பதை எப்படிச் சொல்வது? தவமணிக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தான். துள்ளலானதைத் துள்ளலாக, சீரானதைச் சீராக, பாதியில் நின்றதைப் பாதியிலேயே. முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சம், அவன் முடித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இல்லாமல் போயிற்று.

வள்ளம் திரும்பியது. கரை விளக்குகள் தெரியத் தொடங்கியபோது குளோரி சொன்னாள்: "நீங்க பாத்தேன்னு சொன்னப்ப நான் நம்பலங்க. நம்பாமலேதான் ரெண்டு வருஷம் உங்களுக்குச் சோறு போட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அது எப்படி இருந்துச்சுன்னு நீ ஒரு தடவகூடக் கேக்கலையே."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுகிறாளா, மறுபடியும் குமட்டுகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவன் மனசு அந்த வரிசையிலேயே நின்றது. இறக்கப்பட்டவர்கள் நாலு பேர். கைவாகு ஐந்து. தெரியாத அந்த முதல் ஆள் அவனுக்கும் முந்தியவர்.

மறுநாள் காலை குரூப் கேப்டன் திருவேங்கடத்தின் அறையில் திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. வெயில் அவருக்குத் தலைவலி கொடுக்கும். மேசை விளக்கின் வெளிச்சத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. தளத்திலேயே சுத்தமான பறத்தல் வரலாறு அவருடையது என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நிலோஃபர் விஷயமா வந்திருந்தா வேண்டாம் தவமணி," என்றார் தலையைத் தூக்காமல்.

"அந்த விஷயமாத்தான் சார்."

"நான் உங்க யாரையும் தண்டிக்கல. அதை நீங்க புரிஞ்சிக்கணும். வானத்துல இல்லாததைப் பாக்கற ஆளை நம்பி விமானத்தையும் அதுக்குள்ள இருக்கறவங்களையும் ஒப்படைக்க முடியாது. என் இடத்துல யார் இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க."

"சார், பாத்தது நாலு பேர் இல்ல. அஞ்சு பேர்."

பேனா நின்றது. "யார் அந்த இன்னொருத்தர்?"

"தெரியல சார். எனக்கு முன்னாடியே பாத்திருக்கார். பதிலும் சொல்லியிருக்கார். பாதியில நிறுத்திட்டார். அறிக்கை குடுக்கல. அவரை யாரும் இறக்கல. இன்னிக்கும் எங்கயோ ஒழுங்கா ஓட்டிட்டுத்தான் இருப்பார். வெளிச்சத்தைப் பாத்தவங்க எல்லாரும் ஆபத்துன்னா, அவர் கையில இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னால் நம்பமாட்டார் என்று தவமணிக்குத் தெரியும். மேசை விளக்கின் சுவிட்சில் கை வைத்தான். "அவர் கைவாகு இது சார்," என்று அடித்துக் காட்டினான். நெடில், நெடில், குறில். பிறகு தொடங்கிப் பாதியில் வெட்டினான். அறை இருண்டது.

திரைச்சீலை ஓரமாக வந்த வெளிச்சத்தில் அவர் வலது கை மட்டும் மேசைமேல் தெரிந்தது. கட்டைவிரல் மெல்ல அழுந்தி எழுந்தது. நீளமாக இரண்டு தடவை, குட்டையாக ஒன்று. நாலாவதுக்கு அழுந்தியது, பாதியில் நின்றது. அப்படியே நின்றது.

தவமணி விளக்கைப் போட்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெளியே எங்கோ ஒரு விமானத்தின் இயந்திரத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எதுல போனீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"வள்ளத்துல சார்."

"அனுமதி இல்லாம ரோந்து எல்லைக்குள்ள போனது கோர்ட் மார்ஷல் வரைக்கும் போகும்."

"தெரியும் சார்."

அவர் நிலோஃபரின் கோப்பைத் தேடி எடுத்தார். ஏற்கெனவே எழுதியிருந்த தாளை உருவிக் கிழித்தார். புதுத் தாளில் மெதுவாக எழுதினார். "பறக்கத் தகுதியானவர்னு எழுதறேன். போர்டு என் வார்த்தையைத் தட்டமாட்டாங்க. உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது தவமணி. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. அந்தக் கோப்பு இப்ப என்கிட்ட இல்ல."

"நான் அதுக்கு வரல சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார். மூடியும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தவமணி எழுந்து சல்யூட் அடித்தான். கதவருகே போனபோது அவர் குரல் பின்னாலிருந்து வந்தது. தளபதியின் குரலாக இல்லை.

"என்னைக் கேட்டுச்சா?"

"முதல்ல உங்களைத்தான் சார் கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க அடிச்சதையே திருப்பி அடிச்சேன். ஆள் இருக்கார்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியல."

அவர் தலையசைத்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார்: "நான் பாதியில விட்டதை... நீங்க முடிச்சு வச்சீங்களா?"

"இல்ல சார்," என்றான் தவமணி. "உங்க மிச்சம் எனக்கு எப்படித் தெரியும்?"